வுழூ எடுத்தே தீர்த்த தண்ணீர்

அல்லாஹ்வின் சாந்தியும் அருளும் உங்கள் வீடுகளில் நிறையட்டும். இதை வாசிக்கிற சகோதரிகளில் பலருக்கு என் கதை முன்பே தெரிந்திருக்கும். ஆபிரிக்கப் பாலைவனத்தில் அகப்பட்ட சாய்ந்தமருதுப் பெண் கையேந்திக் கேட்ட துஆவை அல்லாஹ் ஏற்று, அது கபூலான கதை என்று அது மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை வாய்க்கு வாய் போய்விட்டது. அந்தக் கதையில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. மற்றப் பாதியை நான் விழுங்கிவிட்டேன். ஒரு வருடமாக அது என் தொண்டையிலேயே நிற்கிறது. இன்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். வாசித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள்.

கடந்த வருடம் டிசம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை விடிகிற நேரம். நமீபியா என்ற நாட்டின் தெற்குப் பக்கம், காய்ந்த ஆற்றுப் படுகை ஒன்றில் எங்கள் வாகனம் முந்திய நாளிலிருந்தே உடைந்து கிடந்தது. என் கணவர் ரிஸ்வான் ஒரு போத்தல் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு உதவி தேடி நடந்து போனார். நானும் பத்து வயது மகள் ஹனாவும் வாகனத்தடியில் நின்றோம். அவருடைய உருவம் சிறிதாகிச் சிறிதாகி மறைந்தது. அவர் உயிரோடு திரும்பி வருவாரா என்று எனக்குத் தெரியாது. அவர் நடக்க வேண்டி வந்ததற்குக் காரணம் நான்தான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் கணவர் நில அளவையாளர். அந்த நாட்டில் வீதி போடுகிற கம்பனி ஒன்றில் மூன்று வருடங்களாக வேலை. ஒவ்வொரு விடுமுறைக்கும் அவர்தான் ஊருக்கு வந்து போவார். அந்த முறை எங்களை வரச் சொன்னார். "லீவுக்கு நீங்க ரெண்டு பேரும் வாங்க. டபள் கெப் வாகனத்துக்கு மேல கூடாரம் அடிச்சிப் படுத்துப் படுத்துப் போகலாம். சிவப்பு மணல் மலை மாதிரி இரிக்கும்" என்று ஆசை காட்டினார்.

"மணல் பார்க்கவா பிளேன் ஏறி வாற? எங்கட கடக்கரையில இல்லாத மணலா?" என்று நான் கேட்டேன். ஆனால் ஹனா விடவில்லை. வரிக்குதிரை பார்க்க வேண்டும், வாப்பாவோடு கூடாரத்தில் படுக்க வேண்டும் என்று ஒரு மாதம் காதைக் கடித்தாள். போனோம்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வஸ்வாஸ் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், வணக்கத்தில் வருகிற சந்தேக நோய் அது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ எடுத்தால் முழங்கை நனைந்ததா என்று சந்தேகம். குதிகால் நனைந்ததா என்று சந்தேகம். மூன்று முறை கழுவ வேண்டிய கையை ஏழு முறை கழுவுவேன். தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிய பிறகும் கையை அவிழ்த்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுவேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வீடும் என்னுடையது, கிணறும் என்னுடையது, மோட்டரும் என்னுடையது. எவ்வளவு தண்ணீரைக் கொட்டினாலும் தட்டிக் கேட்க ஆளில்லை. அதைப் பார்த்த சொந்தக்காரப் பெண்கள் என்னை மார்க்கத்தில் பேணுதலானவள் என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், மிகவும் பிடித்திருந்தது.

பயணத்தின் முதல் நாட்கள் நன்றாகத்தான் போயின. ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் எதிரே நான்கு வாகனம் வராத வீதிகள். இரு பக்கமும் கல், முள், வெயில். அங்கே ஹலால் இறைச்சி கிடைக்காது என்று ஊரிலிருந்தே நெத்தலிக் கருவாடும் மாசியும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். மாலையானதும் ஓர் இடத்தில் நிறுத்தி, காஸ் அடுப்பில் சோறு வைத்துக் கருவாடு பொரிப்பேன். அந்த வாசத்துக்கு நரி வரும் என்று அவர் ஹனாவைப் பயங்காட்டுவார். அவள் ஏணியில் ஏறிக் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு அங்கிருந்தே கோப்பையை நீட்டுவாள். அவ்வளவு சந்தோசமாக எங்கள் மூவரையும் நான் பார்த்ததில்லை.

வாகனத்தில் இருபது லீற்றர் கேன் இரண்டு இருந்தன. ஒன்று சமையலுக்கும் கழுவலுக்கும். மற்றது அவசரத்துக்கு, அதைத் தொடக் கூடாது என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். முதல் கேன் மூன்றாம் நாளே முடிந்தது. எதில் முடிந்தது என்று அவருக்கும் தெரியும். அன்று, வியாழன் மாலை, அதன் கடைசித் தண்ணீரில் நான் அஸர் தொழுகைக்கு வுழூ எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் நான்காவது முறை காலைக் கழுவியபோது பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"பரீனா, இது சாய்ந்தமருதில்ல புள்ள. மண்ணத் தடவித் தயம்மும் செஞ்சாப் போதும்தானே?"

"தண்ணி கையில இரிக்கக்குள்ள தயம்மும் கூடாது. சட்டம் தெரியாமக் கதைக்காதீங்க."

"குடிக்கத் தேவை எண்டா கூடும். நானும் ஓதின ஆள்தான்" என்றவர், பேச்சைப் பகிடியாக முடிக்க நினைத்து மகளிடம் திரும்பினார். "ஹனா, உங்கட உம்மாவக் கடலுக்குள்ள எறக்கி விட்டாலும் குதிகால் நனையல்ல எண்டுதான் செல்லுவா."

ஹனா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மகளுக்கு முன்னால் என்னைக் கேவலப்படுத்திவிட்டார் என்று நினைத்தேன். அவரோடு கதைப்பதை நிறுத்தினேன். அதன் பிறகு நான் செய்ததுதான் நான் மறைத்த பாதி. அவர் கண்ணில் படாமல், கூடாரத்துக்குப் பின்னால் போய், அந்த இரண்டாவது கேனிலிருந்து வுழூ எடுத்தேன். அந்தியில் மஃரிபுக்கு, இரவில் இஷாவுக்கு, விடியலில் சுபஹுக்கு. கோபத்தில் சந்தேகம் இன்னும் கூடியது. எத்தனை முறை ஊற்றினேன் என்று எனக்கே தெரியாது. தாகத்தில் கிடந்த அந்த மண் ஊற்ற ஊற்றக் குடித்துவிட்டு ஈரமே காட்டாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கடைசிப் பெற்றோல் நிலையம். அதற்குப் பிறகு ஒரு நாள் தூரத்துக்கு ஒன்றுமில்லை. அவர் டீசல் அடித்துவிட்டுக் குழாயடியைக் காட்டிக் கேட்டார். "கேன் நிரப்பவா?"

கேனை இறக்கினால் அது முக்கால்வாசி காலி என்று தெரிந்துவிடும். மறுபடி பகிடி பண்ணுவார். ஹனா மறுபடி சிரிப்பாள். "ஒண்டுதான் காலி. மத்தது நெறைய இரிக்கி. வேணா" என்றேன். முந்திய நாள் மாலைக்குப் பிறகு அவரோடு நான் கதைத்த முதல் வார்த்தையே ஒரு பொய். நான் கதைத்துவிட்டேன் என்ற சந்தோசத்தில் அவர் காலிக் கேனைக் கூட நிரப்பாமல் வாகனத்தில் ஏறிவிட்டார். "பின்னேரம் அடுத்த ஊருக்குப் போயிடுவம்தானே" என்றார்.

போகவில்லை. ஆற்றுப் படுகைக்குள்ளால் போகிற ஒரு குறுக்குப் பாதையில் இறங்கினோம். மணலுக்குள் புதைந்து கிடந்த பாறை ஒன்று வாகனத்தின் அடியைக் கிழித்தது. அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தபோது சட்டையெல்லாம் கறுப்பு. "ஒயில் முழுக்கப் போயிட்டு. இனி ஓடாது." கைபேசியில் சிக்னல் இல்லை. திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால்தான் கம்பனியில் தேடத் தொடங்குவார்கள்.

ஆனாலும் அவர் பதறவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். "இந்த இடத்தில ஒரு சட்டம் இரிக்கி. வாகனத்த விட்டு நடக்கிறவன்தான் சாகிற. தண்ணி இரிக்கி, சாப்பாடு இரிக்கி. இருப்பம். யாராவது வருவாங்க" என்று ஹனாவின் தலையைத் தடவினார். பிறகு கேனை எடுக்கப் போனார். நிறைந்த கேனைத் தூக்குகிற வேகத்தில் தூக்கினார். அது கையோடு சட்டென்று மேலே வந்துவிட்டது. அவர் இரண்டடி பின்னால் தடுமாறினார்.

என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கேனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மூடி சரியாப் பூட்டுப்படல்ல போல. ஒழுகிட்டு" என்றார்.

நான் "ஓம்" என்றேன்.

அடியில் மிஞ்சியிருந்தது மூன்று லீற்றர்தான் இருக்கும். குடிக்கிற போத்தல்களில் இன்னும் கொஞ்சம். மூன்று பேர், திங்கட்கிழமை வரை, அந்த வெயிலில். அவர் வாய்விட்டுக் கணக்குப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் வரை யாரும் வரவில்லை. அன்று மஃரிபும் இஷாவும் நான் தொழவில்லை. தண்ணீரைத் தொட முடியாது. மண்ணைத் தொடக் கை வரவில்லை. மார்க்கத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தவள் தொழாமலே படுத்தேன்.

சனிக்கிழமை சுபஹுக்கு அவர் மணலில் கையை அடித்துத் தயம்மும் செய்து தொழுதார். தொழுதுவிட்டுச் சொன்னார். "வரக்குள்ள ஒரு வேலியும் காத்தாடிக் கிணறும் கண்டன். இருவது இருவத்தஞ்சி கிலோமீற்றர் இரிக்கும். ஆள் இருப்பாங்க. போய்ட்டு வாறன்."

"வாகனத்த விட்டுப் போகக் கூடாது எண்டு நீங்கதானே சொன்ன?" என்று ஹனா கேட்டாள்.

"ஓம் மகள். இப்ப போகத்தான் வேணும்" என்றார். என் பக்கம் திரும்பி, "அந்த ரேடியேட்டர்த் தண்ணிய மட்டும் குடிச்சிடாதீங்க, நஞ்சு. நெழல விட்டு அசையாதீங்க" என்றார். ஒரு போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்னொன்றையும் கொண்டுபோகச் சொல்லி நீட்டினேன். வாங்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். இஞ்சாருங்க, மூடி ஒழுகவில்லை, நான்தான் என்று ஒரு வசனம். வாய் வரவில்லை. ஸலாம் சொன்னார், நடந்து போனார்.

அந்தப் பகலைப் பற்றி அதிகம் சொல்ல என்னால் முடியாது. வாகனத்தின் நிழல் சுற்றச் சுற்ற நாங்களும் நகர்ந்தோம். காற்று அடுப்புக்கு முன்னால் இருப்பது போல முகத்தைச் சுட்டது. போத்தல் மூடியில் ஊற்றி ஊற்றி ஹனாவுக்குக் கொடுத்தேன். அவளுடைய உதடு வெடித்து இரத்தம் கசிந்தது. அழுதாள், ஆனால் கண்ணீர் வரவில்லை. கருவாட்டுப் பொட்டலத்தின் வாசம் தாங்க முடியவில்லை. அதைத் தூரத்தில் எறிந்தேன்.

வியாழக்கிழமை என் தங்கை ஊரிலிருந்து அனுப்பிய குரல் பதிவு ஒன்று கைபேசியில் இருந்தது. ஊரில் மாரி மழை, வெள்ளம். "தாத்தா, உங்கட வீட்டுக்குள்ள முழங்காலளவு தண்ணி. பக்கத்து மாஸ்டர் வீட்டு மதிலும் விழுந்துட்டு" என்று அக்காவான என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறாள். பின்னால் மழை கொட்டுகிற சத்தம். ஹனா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். என் தங்கையின் குரலுக்காக என்று நினைத்தேன். இல்லை, மழைச் சத்தத்துக்காகக் கேட்டாளாம். பற்றரி தீர்ந்து அதுவும் நின்றது.

நடுப்பகல், லுஹர் நேரம் வந்தது. அப்போதுதான் என் வாழ்க்கையில் முதல் முறையாகத் தயம்மும் செய்தேன். நாற்பத்திரண்டு வயதில். கையை மணலில் அடித்து முகத்தைத் தடவினேன். மறுபடி அடித்துக் கைகளைத் தடவினேன். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. கழுவ ஒன்றும் இல்லை, நனைந்ததா என்று பார்க்க ஒன்றும் இல்லை. சந்தேகப்படுவதற்கு அல்லாஹ் எனக்கு ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை. இவ்வளவு இலேசாக அவன் தந்ததை எடுக்க மறுத்துத்தானே அவனுடைய அடியான் ஒருவனை வெயிலில் நடக்க விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஸுஜூதில் விழுந்தவளால் எழும்ப முடியவில்லை. மணல் நெற்றியைச் சுட்டது. சுடட்டும் என்று கிடந்தேன்.

அஸர் தொழுதுவிட்டுக் கையை ஏந்தினேன். நான் வழமையாக அரபியில் நீளமாகத் துஆ ஓதுகிறவள். அன்று ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை. எங்கள் தமிழில்தான் கேட்டேன். "யா அல்லாஹ், முதல்ல அவருக்கிட்ட ஆள அனுப்பு. எங்களப் பொறகு பாரு. எனக்கு அவருக்கிட்ட ஒண்டு செல்ல இரிக்கி. முதல்ல அவருக்கு, முதல்ல அவருக்கு." வேறு எதையும் கேட்கவில்லை. ஹனா என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். மயக்கத்தில் கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வாய்விட்டுத்தான் கேட்டேன்.

அன்று யாரும் வரவில்லை. தண்ணீரில் கடைசியாக மிஞ்சியதை ஞாயிறு விடிவதற்கு முன் ஹனாவுக்கு ஊற்றினேன். வெளிச்சம் வந்தபோது அவர் போன கால் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அவற்றை அவ்வளவாக அழித்திருக்கவில்லை. அந்தத் தடங்கள் வழியாகவே ஓர் உருவம் வந்தது. பெண். தலையில் மஞ்சள் பிளாஸ்டிக் கேன். என்னைவிட வயதானவள், காலில் பழைய ஆண்கள் சப்பாத்து. அவள் ஓடவில்லை, கூப்பிடவில்லை. ஒரே வேகத்தில் நடந்து வந்து கேனை இறக்கி வைத்தாள். என் கையைப் பிடித்து விரித்து அதில் ஒரு பொருளை வைத்தாள். என் கணவரின் கைக்கடிகாரம்.

இறந்தவரின் பொருளைக் கொண்டுவந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அலறினேன். அவள் தலையைப் பலமாக ஆட்டினாள். தன் நெஞ்சில் கையை வைத்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக் காட்டினாள். உயிர் இருக்கிறது என்கிறாள். மொழி தெரியாத ஒருத்தி மூச்சாலேயே எனக்கு அதைச் சொன்னாள். பிறகு ஹனாவைத் தன் மடியில் போட்டுக்கொண்டு விரலை நனைத்து உதட்டைத் தடவினாள். நான் கேனை வாயில் கவிழ்க்கப் போனபோது கையில் ஓர் அடி போட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தந்தாள். அவளுடைய பெயர் மரியா என்று பிறகுதான் அறிந்தேன். எங்களை விட்டு எழும்பும் முன் அவளும் முழங்காலில் நின்று தன்னுடைய வழியில் துஆ கேட்டாள்.

நடந்தது இதுதான். மரியாவும் கணவரும் ஆடு மேய்க்கிறவர்கள், கழுதை வண்டி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை அவர்களுடைய கழுதை ஒன்று அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அதைத் தேடித்தான் அந்த வேலிப் பக்கம் வந்திருக்கிறார்கள். கழுதை கிடைக்கவில்லை. வேலி ஓரம் முள் மரத்தடியில் என் கணவர் விழுந்து கிடந்தார். எத்தனை மணிக்கு என்று ஆஸ்பத்திரியில் மொழி பெயர்க்க வந்தவரிடம் கேட்கச் சொன்னேன். சூரியன் மலைக்கு ஒரு சாண் மேலே நின்ற நேரம் என்று மரியாவின் கணவர் கையால் அளந்து காட்டினார். அஸருக்குப் பிந்திய நேரம். நான் கை ஏந்தியிருந்த நேரம். மரியாவின் கணவர் என்னவரை வண்டியில் போட்டுக்கொண்டு பண்ணைக்குப் போக, மரியா மட்டும் தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு மயங்குமுன் அவர் காட்டிய பக்கமாக, இரவெல்லாம் நிலா வெளிச்சத்தில் தடம் பார்த்து எங்களிடம் நடந்திருக்கிறாள். ஞாயிறு பகலே பண்ணையிலிருந்து ஒரு வாகனம் வந்து எங்களையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது.

முதலில் அவருக்கு என்று கேட்டேன். முதலில் அவருக்கே கொடுத்தான். அல்ஹம்துலில்லாஹ். இதுதான் ஊரெல்லாம் போன கதை.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழிக்க இரண்டு நாள் எடுத்தது. வெயிலும் தாகமும் அவருடைய இரண்டு சிறுநீரகத்தையும் அடித்துவிட்டன. கண் விழித்த அன்றே அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மூடி ஒழுகவில்லை, நான்தான், வுழூ எடுத்தே தீர்த்தேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். குரலே வரவில்லை. "கேனத் தூக்கக்குள்ளயே தெரிஞ்சிச்சி."

"பொறகு ஏன் அப்படிச் சொன்னீங்க? ஏன் எனக்கு ஏசல்ல?"

"ஏசிட்டுப் போய் நான் வராட்டி, நீ எப்படிப் புள்ள இரிப்ப?"

சகோதரிகளே, நான் பேணுதல் பேணுதல் என்று தண்ணீரில் தேடியது அந்த மனிதரிடம் இருந்தது. பதினான்கு வருடம் கூட இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

ஊருக்கு வந்தோம். வேலை போய்விட்டது. இப்போது கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று டொக்டர் அளவு சொல்லியிருக்கிறார். ஒரு போத்தல் கூட இல்லை. சோற்றுக்கு ஊற்றுகிற குழம்பு, தேநீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். காலையில் அதை அளந்து வைக்கிறவள் நான். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிற வீட்டில் அவர் பின்னேரமானால் நாக்கை நனைக்க ஐஸ் துண்டு கேட்பார். சில நாள் இல்லை என்று சொல்ல வேண்டி வரும். அதையும் நான்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் மூடி வைத்துவிட்டு, பெண்கள் கூடுகிற இடங்களில் துஆ கபூலான கதையை மட்டும் சொன்னேன். சொல்லச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போனேன். தொடக்கத்தில் இரண்டு இடத்தில் கேட்டதற்காகச் சொன்னேன். பிறகு நானாகவே சொல்லத் தொடங்கினேன். அவர் ஒரு நாளும் மறுத்துக் கதைக்கவில்லை. போன மாதம் ஒரு வீட்டில் அப்படிச் சொல்லி முடித்ததும் இளம் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். கழுவிக் கழுவித் தோல் வெடித்திருந்தது. "உங்களப் போல வுழூவப் பேணினா எனக்கும் துஆ கபூலாகும்தானே தாத்தா?" என்று கேட்டாள்.

அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. "மருந்து பூசுங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஹனாவும் அங்கே இருந்தாள். திரும்பி நடந்து வந்தவள் வீட்டு வாசல் படலையடியில் நின்றுவிட்டாள்.

"உம்மா, அண்டைக்கு நான் முழிச்சித்தான் இருந்தன்."

"எண்டைக்கு?"

"நீங்க துஆ கேக்கக்குள்ள. முதல்ல வாப்பாவுக்கு எண்டு கேட்டீங்க. எனக்கும் தாகமாத்தானே இருந்திச்சி? நான் செத்தாப் பரவாயில்லையா உம்மா?"

ஒரு வருடமாக என் பிள்ளை இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து நான் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறாள். அந்தத் துஆவை நான் சொல்லிக்காட்டும்போது பெண்கள் அழுவார்கள். அவள் அழ மாட்டாள். அவளுக்கு மனம் கல் என்று கூட நான் நினைத்திருக்கிறேன்.

படலையடியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேனைப் பற்றி, பொய்யைப் பற்றி, வாப்பா ஏன் நடந்தார் என்பதைப் பற்றி. உன்னை விட்டுக்கொடுக்கவில்லை மகள், அவருக்குச் செய்த துரோகத்தைச் சுமக்க முடியாமல் கேட்டேன் என்று சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு எழும்பி உள்ளே போய் வாப்பாவின் கட்டிலடியில் உட்கார்ந்துகொண்டாள். இன்று வரை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஸலாம் சொன்னால் பதில் சொல்வாள். சோறு போட்டால் தின்பாள். அவ்வளவுதான்.

வெடித்த கையோடு வந்த அந்தத் தங்கச்சிக்காகவும் உங்களில் அவளைப் போல இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் துஆவை அல்லாஹ் ஏற்றது நான் தண்ணீரைக் கொட்டியதற்காக அல்ல. கொட்டுவதற்கு ஒரு துளியும் இல்லாமல், மணலை முகத்தில் பூசிக்கொண்டு, குற்றவாளியாக நின்றபோதுதான் ஏற்றான். மூன்று முறை கழுவுங்கள், எழும்புங்கள். முழங்கை நனைந்ததா என்று திரும்பிப் பார்க்காதீர்கள். அவன் இலேசாகத் தந்ததை இலேசாகவே வாங்குங்கள். நான் இப்போது ஒரு செம்புத் தண்ணீரில் வுழூ எடுக்கிறேன். சந்தேகம் இன்னும் வருகிறது. வந்தால் வரட்டும் என்று தக்பீர் கட்டிவிடுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கையேந்தும்போது என் கணவரின் சுகத்துக்காகக் கேளுங்கள். அந்த மரியாவுக்கு நேர்வழியும் நிறைந்த வாழ்வும், முடிந்தால் ஓடிப்போன கழுதையும் கிடைக்கக் கேளுங்கள். நான் இப்போது ஒவ்வொரு தொழுகையிலும் ஹனாவின் பெயரை முதலில் சொல்லிக் கேட்கிறேன். அவள் பக்கத்து விரிப்பில் இருந்தால் அவளுக்குக் கேட்கும்படியாகவே சொல்கிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் விடவில்லை. அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.